தங்கவயலின் குரல்கள்: மாநில ஆவணக் காப்பகத்துக்கும் நகரசபைக்கும் ஒரு திறந்த மடல்

கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தின் இயக்குநர் அவர்களுக்கும், தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை நகரசபையின் தலைவர், உறுப்பினர்கள், ஆணையர் ஆகியோருக்கும் வணக்கம்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்து, இவ்வூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். என் தந்தையும் அதே சுரங்கத்தில்தான் உழைத்தார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, அருங்காட்சியகம், சுற்றுலா, தொழிற்பேட்டை என்று இவ்வூரைப் பற்றி எத்தனையோ திட்டங்கள் பேசப்பட்டுவிட்டன. அவை நடக்கட்டும், நடக்காமலும் போகட்டும். அவற்றைவிட மிகச் சிறிய ஒன்றைக் கேட்டே இம்மடலை எழுதுகிறேன். இவ்வூர்ப் பெரியவர்கள் தம் வாழ்க்கையைத் தம் வாயாலேயே சொல்லி, ஏற்கெனவே பதிவாகி, வீட்டுப் பரண்களிலும் பழைய சூட்கேஸ்களிலும் கிடக்கும் ஒலிநாடாக்களை முதலில் காப்பாற்றுங்கள். புதிய பேட்டிகளையும் புதிய கட்டடங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னிடம் அப்படிப்பட்ட நாடாக்கள் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிப் பதிவுசெய்து வாருங்கள் என்று. புதுக் கேசட் வாங்க வழியில்லாத பிள்ளைகள் வீட்டிலிருந்த சினிமாப் பாட்டுக் கேசட்டின் மூலையில் இருக்கும் இரண்டு ஓட்டைகளைச் செலோடேப்பால் அடைத்து, அதன் மேலேயே பதிந்து கொண்டுவந்தார்கள். ஆகவே பல நாடாக்களில், ஒரு பாட்டி தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லி முடித்த இடத்தில், சட்டென்று பாதிச் சரணத்திலிருந்து ஒரு பாட்டு மேலெழுந்து வரும். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்தேன். மொத்தம் 63 கேசட்டுகள் சேர்ந்தன.

தமிழ் வகுப்புக்காகச் செய்தது என்றாலும் அவற்றில் தமிழ் மட்டும் இல்லை. இவ்வூர் அப்படிப்பட்ட ஊர் இல்லையே. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கிய பிறகு, பாறை உடைக்க வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் வந்தனர். மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர் வந்தனர். இயந்திரங்களிலும் அலுவலகங்களிலும் ஆங்கிலோ இந்தியர் அமர்ந்தனர். மலையாளிகளும் தெலுங்கர்களும் வந்து, வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளில் குடியேறினர். ஆண்டர்சன்பேட்டையில் தக்கனி உருது பேசும் குடும்பங்கள் கடை வைத்தன. சுற்றியிருந்த கன்னடக் கிராமங்களோ இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே இருந்தன. ஆகவே என் மாணவி ஒருத்தி பதிந்துவந்த நாடாவில், ஊர்காமில் தனியாக வாழ்ந்த ஓர் ஆங்கிலோ இந்திய அம்மையார் ஆங்கிலத்தில் தொடங்கி, கோபம் வரும் இடமெல்லாம் தமிழுக்குத் தாவுகிறார். அவருடைய பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அவரும் பின்னர் போய்ச் சேர்ந்துகொண்டார் என்று கேள்வி. அவர் குரல் மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

சுரங்கத்தின் எழுத்துப் பதிவுகளுக்குக் குறைவில்லை. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது என்ற கணக்கு இருக்கிறது, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த கதையை ஒவ்வொரு பாடநூலும் சொல்கிறது, சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றதை உலகமே அறியும், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1965-இல் வளிமண்டல நியூட்ரினோ என்னும் மிக நுண்ணிய துகளைக் கண்டறிந்ததும் அறிவியல் இதழ்களில் பதிவாகிவிட்டது. ஆனால் அந்த ஆய்வுக் கருவிகளைப் பிரித்து, கேஜ் என்னும் சுரங்க லிஃப்டில் ஏற்றி, கீழே இறக்கி, வியர்த்து ஒழுகும் பாறைக்கு நடுவே மறுபடி பூட்டுவதற்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர், “உள்ளே என்னத்தைத் தேடுறாங்கன்னு கேட்டேன், கண்ணுக்குத் தெரியாததுன்னாங்க, நாங்க மட்டும் என்ன கண்ணுக்குத் தெரிஞ்சதையா தேடுறோம்னு சிரிச்சேன்” என்று சொல்லியிருப்பது ஒரு பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடக் கேசட்டில் மட்டுமே இருக்கிறது.

இனி, மிகுந்த தயக்கத்தோடு இரண்டு அனுபவங்களைச் சொல்ல வேண்டும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் இல்லாததால் பெயர்களைத் தவிர்க்கிறேன்.

முதலாவது, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்லி, என்னிடமிருந்து 40 கேசட்டுகளை வாங்கிச் சென்றது. ரசீது கேட்க எனக்குத் தோன்றவில்லை; வாத்தியார் புத்தி. கண்காட்சி நடந்தது, மாலை போட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு ஓர் அட்டைப்பெட்டியில் 11 கேசட்டுகள் திரும்பி வந்தன. பெட்டிக்குள் உறைகள் இல்லை. பேசியவர் பெயர், எந்த லைன், எந்த ஆண்டு என்று மாணவர்கள் பேனாவால் எழுதியிருந்ததெல்லாம் அந்த உறைகளில்தான். எஞ்சிய 29 எங்கே என்று கேட்டபோது, அந்தப் பணியாளர் மாறிப்போய்விட்டார் என்ற பதில் மட்டும் கிடைத்தது.

இரண்டாவதுதான் என்னை இன்னும் அதிகமாக உறுத்துவது. என் தாத்தாவின் குரலை நானே 1997-இல் பதிந்தேன். அவருக்கு அப்போது நுரையீரலில் பாறைத்தூள் படிந்த நோய் முற்றியிருந்தது. மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை இருமுவார். இருமி முடித்து, விட்ட இடத்திலேயே தொடர்வார். ராக் பர்ஸ்ட், அதாவது ஆழத்தின் அழுத்தத்தால் பாறை வெடித்துச் சிதறும் விபத்து, ஒன்றில் தன்னுடன் வேலை பார்த்தவர் நசுங்கிச் செத்ததைச் சொல்லும் இடத்தில் அவர் நிறுத்திவிட, வெளியே ஷிப்ட் மாறும் சங்கு ஊதுகிறது. சங்கு ஓயும் வரை காத்திருந்து, “அன்னைக்கும் இதே சங்குதான்” என்கிறார். இந்த நாடாவைக் கணினியில் ஏற்றித் தருவதாக அன்போடு முன்வந்த ஓர் இளைஞர், ‘இரைச்சலை’ எல்லாம் நீக்கித் துப்புரவான கோப்பாகத் திருப்பித் தந்தார். இருமல் இல்லை. சங்கும் இல்லை. “அன்னைக்கும் இதே சங்குதான்” என்ற வாக்கியம் மட்டும் எதைச் சுட்டுகிறது என்று தெரியாமல் தனியே நிற்கிறது. நல்லவேளை, மூல நாடா என்னிடமே இருந்தது.

இந்த இருமல் ஓர் ஆவணம் என்பதை உங்கள் துறையினருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1940-களில் இச்சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைச் சோதித்த மருத்துவ ஆய்வு, பத்துப் பேரில் நான்கு பேருக்கும் அதிகமானோருக்கு சிலிக்கோசிஸ் என்னும் இந்தப் பாறைத்தூள் நோய் இருப்பதாகக் கண்டது. அது எண். அந்த எண் எப்படி மூச்சு வாங்கியது என்பது இந்த நாடாக்களில் இருக்கிறது. ஆகவே நீங்கள் பிரதியெடுக்கும்போது மூல ஒலியில் கைவைக்காத ஒரு பிரதி எப்போதும் இருக்க வேண்டும். கேட்பதற்கு வசதியாகச் சீர்செய்த பிரதி தேவையென்றால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

என் நாடாக்கள் ஒரு துளிதான். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தையும், 1946 நவம்பரில் ஆறு தொழிலாளர் உயிரிழந்ததையும் நேரில் கண்டவர்கள் பேசிய கூட்டங்களைத் தொழிற்சங்கத்துத் தோழர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்ததும், அவருக்குப் பின் ‘தமிழன்’ இதழை ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தியதும் எழுத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த பௌத்தக் குடும்பங்களில் பிறந்து வளர்ந்த பெண்கள் தம் வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் பதிவுகள் உறவினர் வீடுகளில் மட்டுமே இருக்கின்றன. தேவாலயங்களில் வெள்ளி விழா, பொன் விழாப் பேச்சுகள் கிடக்கின்றன. கேபிள் டி.வி. நடத்தியவர்களிடம் திருவிழா வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. பெங்களூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து எங்கள் திண்ணைகளில் உட்கார்ந்து, டீ குடித்து, மணிக்கணக்கில் பதிந்துகொண்டு போன ஆய்வாளர்களோ ஏராளம். அவர்களில் பலர் பட்டமும் பெற்றுவிட்டார்கள். அவர்களிடமிருந்து ஒரு பிரதியைக் கேட்டுப் பெறும் அதிகாரமோ குறைந்தபட்சம் கேட்டெழுதும் கடிதத்தாளோ எங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

அவசரம் ஏன் என்று ஒருவர் கேட்கலாம். கேசட் நாடாவில் காந்தத்துகளை ஒட்டவைத்திருக்கும் பசை ஈரக்காற்றில் நைந்துபோகிறது, பூஞ்சை பிடிக்கிறது, மழைக்காலத்தில் லைன் வீட்டுச் சுவர்கள் எப்படிக் கசியும் என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். நாடா தப்பினாலும் அதைப் பாடவைக்கும் கருவி தப்பவில்லை. நல்ல கேசட் டெக் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. பழையதற்குப் பெல்ட் மாற்றி, நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் அஸிமத் திருகாணியைக் காது கொடுத்துக் கேட்டுத் திருப்பத் தெரிந்த மெக்கானிக்குகள் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் முன்பு ஐந்தாறு பேர் இருந்தார்கள். இன்று எனக்குத் தெரிந்து ஒருவர் இருக்கிறார், அவரும் செல்போன் கடை வைத்துவிட்டார். உலகெங்கும் உள்ள ஒலிக் காப்பகத்தினர் 2025-ஐ ஓர் எல்லையாகக் குறித்து, அதற்குள் காந்த நாடாக்களைப் பிரதியெடுத்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாக எச்சரித்து வந்ததும் இந்தக் காரணங்களால்தான்.

செலவைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒரு மணி நேரப் பேச்சை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற உயர்ந்த ஒலித்தரத்தில் ஒற்றை ஒலித்தடமாகச் சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 1 ஜி.பி. ஆகும். ஊர் முழுதும் தேடி ஆயிரம் மணி நேரம் கிடைத்தாலும் 1 டெராபைட் அளவுதான். மூன்று பிரதிகளுக்கு மூன்று ஹார்ட் டிஸ்க் போதும். உண்மையில் செலவாவது நேரம். நாடாவை ஓடும் வேகத்திலேயே ஓடவிட வேண்டும் என்பதால், ஒரு கருவியில் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினாலும் ஆயிரம் மணி நேரத்துக்கு 167 வேலை நாட்கள் பிடிக்கும். இரண்டு கருவிகள், பயிற்சி பெற்ற இரண்டு உள்ளூர் இளைஞர்கள், ஒரு மேற்பார்வையாளர் என்று வைத்தால், அட்டவணைப் பணியையும் சேர்த்து ஓராண்டில் முடியக்கூடிய வேலை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பையும் யூடியூபில் ஏற்றிய வீடியோவையும் காப்பகப் பிரதி என்று யாரும் கணக்குக் காட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவை சுருக்கப்பட்டவை, யாரோ ஒருவரின் கடவுச்சொல் தொலைந்தால் கூடவே தொலைபவை.

அட்டவணையைப் பற்றி ஒரு தமிழாசிரியனாகக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். தங்கவயல் தமிழ் என்று ஒன்று இருக்கிறது. கன்னடமும் தெலுங்கும் தக்கனியும் இங்கிலீஷும் அதற்குள் ஏறி இறங்குகின்றன. ஷாப்ட், லெவல், கேஜ், ஷிப்ட் எல்லாம் அதில் தமிழ்ச் சொற்களே. நான் பள்ளியில் முப்பது ஆண்டுகள் அந்தத் தமிழைச் சிவப்பு மையால் திருத்தியவன். இன்று அந்த நாடாக்களைக் கேட்கும்போது, எழுத்தில் பெயர்ப்பவர் யாரும் என்னைப் போல் திருத்திவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறேன். பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும். இருமினால் இருமல் என்றும், சங்கு ஊதினால் சங்கு என்றும் குறிக்க வேண்டும். அட்டவணையைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் போட்டுவிட்டால், தன் பாட்டியின் தெலுங்குப் பேச்சைத் தேடி வருபவருக்கும் உருதுப் பேச்சைத் தேடி வருபவருக்கும் அது பூட்டிய கதவுதான். பேசியவரின் மொழியிலும் ஒரு குறிப்பு இருக்கட்டும். சிங்கப்பூரில் 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு பல மொழிகளிலும், தமிழிலும்கூட, பேட்டிகளைப் பதிந்து, ஒவ்வொரு பகுதியிலும் என்ன பேசப்படுகிறது என்று சுருக்கம் எழுதி வைத்திருக்கிறது. முழு எழுத்துப்பெயர்ப்புக்குக் காலமும் காசும் இல்லையென்றால், அரைமணிக்கு ஒரு பத்தி என்ற அந்த முறையே எங்களுக்கும் போதும்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த நாடாக்களில் சங்கத்துக்குள் நடந்த சண்டைகள் இருக்கின்றன. கல்லில் ஒட்டிய தங்கம் எப்படி வெளியே வந்தது என்பது இருக்கிறது. சாதியின் பெயரால் யார் யாரை எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கவிடவில்லை என்பது பெயரோடு இருக்கிறது. பெண்கள் தம் கணவரின் குடியைப் பற்றிச் சொன்னது இருக்கிறது. பதினான்கு வயதுப் பேத்தியிடம் சொன்னதை ஊருக்கே சொன்னதாகக் கொள்ள முடியாது. பேசியவர் உயிரோடு இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் குடும்பத்தாரிடமும் அவர்கள் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். இப்போது வேண்டாம் என்றால் அந்த நாடா பிரதியெடுக்கப்பட்டு மூடியே இருக்கட்டும். காப்பதும் வெளியிடுவதும் வேறு வேறு வேலைகள் என்பதைக் குடும்பங்களுக்குப் புரியவைத்தாலே, இன்று தர மறுப்பவர்களில் பாதிப் பேர் தந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். அந்த 40 கேசட்டுகளின் கதை ஊருக்குள் பரவிவிட்டதால், எந்த நாடாவையும் வாங்கும்போது ரசீது, திருப்பித் தரும் தேதி, பொறுப்பாளர் பெயர் மூன்றும் எழுத்தில் இல்லாமல் யாரும் இனித் தரமாட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எங்கே வைப்பது? மூலப் பிரதிகளுக்கு ஏற்ற, குளிரும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறை பெங்களூரில் உங்கள் காப்பகத்தில் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. இன்னொரு பிரதியை வேறொரு நிறுவனத்தில் வைக்கலாம். பெங்களூரிலேயே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமான தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், 2019-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஆவணக் காப்பகம் ஒன்று இயங்குகிறது. எங்கள் சுரங்கத்தின் அடியில் நியூட்ரினோ தேடிய நிறுவனத்தோடு உறவுள்ளவர்களிடம், கருவிகளை இறக்கியவர்களின் குரலையும் கொஞ்சம் காத்துத் தாருங்கள் என்று கேட்பதில் தவறில்லை அல்லவா? ஆனால் மூன்றாவது பிரதி தங்கவயலில்தான் இருக்க வேண்டும். நகரசபையின் பொறுப்பில் ஓர் அறை, ஒரு கணினி, இரண்டு ஹெட்போன் போதும். விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊர் இது. அவர்களில் ஒருவர் தன் தாத்தாவின் குரலைக் கேட்க மறுபடியும் ரயிலேற வேண்டியிருக்கக் கூடாது. அந்த அறை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்க வேண்டும் என்பதையும் இதனால்தான் வலியுறுத்துகிறேன்.

உள்ளூரில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உறை தொலைந்து திரும்பிவந்த 11 கேசட்டுகளையும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் சிலரைக் கூட்டிவைத்து ஒரு நாள் ஓடவிட்டேன். முதல் நாடா ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் ஒருவர், “இது நந்திதுர்க்க மைன்ஸ்காரர், கேஜ் வரும்போது அடிக்கிற மணியைச் சொல்றார் பாருங்க, எங்க பக்கம் அப்படி அடிக்க மாட்டாங்க” என்றார். அன்று மாலைக்குள் 11-இல் 8 குரல்களுக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பெரியவர்களில் இருவர் அதன் பிறகு காலமாகிவிட்டனர். எஞ்சிய மூன்று நாடாக்களுக்கு இன்னும் பெயர் இல்லை. சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்களில் மிக இளையவர்களும் இன்று ஐம்பதைத் தொட்டோ கடந்தோ நிற்கிறார்கள். அந்த மணியோசையின் வேறுபாடு தெரிந்த காதுகள் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே ஆவணக் காப்பகத்தின் சார்பில் ஓர் அலுவலரையும், நகரசபையின் சார்பில் ஓர் உறுப்பினரையும் குறிப்பிட்டு நியமித்து, வரும் மழைக்காலத்துக்கு முன் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், ஊர்காம், மாரிக்குப்பம் ஆகிய ஐந்து இடங்களிலும் ஒவ்வொரு நாள் உட்கார்ந்து, யாரிடம் என்ன நாடா இருக்கிறது என்று பட்டியல் மட்டும் எடுத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நாடாக்களை அன்றே வாங்க வேண்டாம், பட்டியல் போதும். பெயரில்லாத மூன்றையும் சேர்த்து என்னிடம் எஞ்சியுள்ள 34 கேசட்டுகளை முதல் வரியில் எழுதிக்கொள்ளலாம். சோனி டெக் ஒன்றும் இருக்கிறது, போன மாதம்தான் பெல்ட் மாற்றினேன். அலுவலர் வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் மாரிக்குப்பம் ரயிலடிக்கு நானே வந்து அழைத்துச் செல்கிறேன்.

இங்ஙனம்,
சாம்பியன் ரீஃப் லைன் வீடு ஒன்றில் பிறந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கோலார் தங்கவயல்